பந்தி முடியும்வரை

கல்யாணத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் அந்த அக்கா எனக்குப் போன் செய்தார்.

"ஏனுங்க கண்ணு, நாளைக்கு நாங்க எல்லாரும் மண்டபத்துல இருப்பமுங்க. செட்டுப் பக்கம் ஆளே இருக்காது. உங்க போனை நம்பித்தான் போறனுங்க. தைரியமாப் போலாமுங்களா?"

"போயிட்டு வாங்கக்கா. காத்தாடி நின்னுதுன்னா அரை நிமிஷத்துல உங்க போன் அடிச்சுரும்" என்றேன். சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனேன். அந்த டீயை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என் மேலேயே கோபம் வருகிறது.

அக்கா எனக்குச் சொந்தம் இல்லை. பொங்கலூர்ப் பக்கம் கோழிப்பண்ணை வைத்திருப்பவர். நான் சரவணம்பட்டியில் ஒரு சின்னக் கம்பெனியில் டேட்டாபேஸ் பார்க்கிறேன். பல்லடம், பொங்கலூர், உடுமலை என்று சுற்றுவட்டாரத்தில் முந்நூறு சொச்சம் கோழி செட்டுகளில் எங்கள் கருவி மாட்டியிருக்கிறது. செட்டுக்குள் எவ்வளவு சூடு, காற்றாடிகள் ஓடுகின்றனவா, கரண்டு இருக்கிறதா என்று நிமிஷத்துக்கு நிமிஷம் அது எங்கள் சர்வருக்குத் தகவல் அனுப்பும். ஏதாவது கோளாறு என்றால் சர்வர் பண்ணைக்காரரின் போனுக்கு அலாரம் அடிக்கும். இவ்வளவுதான் எங்கள் தொழில். கேட்க லேசாக இருக்கும்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஆபீஸ்காரர்களை ஒருநாள் வேனில் ஏற்றி அந்த அக்காவின் பண்ணைக்குக் கூட்டிப்போனார்கள். நான்கு பக்கமும் மூடிய நீளச் செட். ஒரு கோடியில் ஈரம் சொட்டும் தட்டி, மறு கோடியில் ஆளுயரக் காற்றாடிகள். நடுவே வெள்ளை வெளேரென்று எட்டாயிரம் கோழிகள். காற்றாடி போடும் இரைச்சலில் பேசுவதே காதில் விழவில்லை.

"இது நின்னா எத்தனை நேரம் தாங்குமுங்கக்கா?" என்று கத்திக் கேட்டேன்.

"சித்திரை வெயில்ல, வளந்த கோழின்னா, கால் மணி நேரம் தாங்குனா பெருசுங்க. ஒண்ணு மேல ஒண்ணு ஏறி விழுந்து செத்துப்போயிருமுங்க" என்று அவரும் கத்தினார்.

கரண்டு போனால் ஜெனரேட்டர் தானாக ஓட வேண்டும். பெரும்பாலும் ஓடும். எப்போதாவது அடம்பிடிக்கும். அந்த எப்போதாவதுக்காக அக்கா நான்கு வருஷமாக வீட்டை விட்டு நகராமல் கிடந்தார். ஒரு பேட்ச் கோழி போய் அடுத்த பேட்ச் குஞ்சு வரும் வரைக்கும் உள்ள பத்துப் பதினைந்து நாளில்தான் கோயில், குளம், துக்கம், விசேஷம் எல்லாம். எங்கள் கருவி வந்தபிறகுதான் கோழி இருக்கும் நாளிலும் சந்தை வரைக்கும் போய்வர ஆரம்பித்தார். வேனில் போன அன்றைக்கே என் நம்பரையும் வாங்கிக்கொண்டார். ஆப்பில் ஏதாவது புரியாவிட்டால் கம்பெனி நம்பருக்கு அடிக்காமல் எனக்கே அடிப்பார். "சாப்டீங்களா கண்ணு" என்றுதான் ஆரம்பிப்பார். நானும் "ஆச்சுங்கக்கா, நீங்க?" என்பேன். அதெல்லாம் முடிந்துதான் விஷயத்துக்கு வருவோம்.

கல்யாணம் அக்காவின் தம்பிக்கு. முப்பத்தாறு வயது. பத்து வருஷமாகத் தேடிப் பெண் கிடைத்திருந்தது. "கோழி இல்லாத நாளாப் பாத்து முகூர்த்தம் வெய்யுங்கன்னு பொண்ணூட்டுல சொல்ல முடியுமுங்களா? அப்பறம் அவங்களும் ஓடிப்போயிருவாங்க" என்று சிரித்தார். எங்கள் பக்கத்துக் கல்யாணத்தில் மாப்பிள்ளையின் உடன்பிறந்தவள் இணைச்சீர் என்ற சடங்குக்கு அவனோடு உட்கார்ந்தாக வேண்டும். அக்கா இல்லாமல் அந்தக் கல்யாணம் ஒரு அடி நகராது. பண்ணையில் வேலைக்கு இருந்த புருஷன் பெண்டாட்டியும் குழந்தைக்குக் காய்ச்சல் என்று ஊருக்குப் போயிருந்தார்கள். அதனால்தான் அந்த போன்.

இப்போது என் சர்வர் கதையைச் சொல்லிவிடுகிறேன். சொல்லாவிட்டால் நான் செய்த காரியம் புரியாது.

எங்களிடம் இரண்டு சர்வர்கள். முதலாவது வேலை செய்யும். இரண்டாவது அதன் நிழலாக நிற்கும். எந்தச் செட்டிலிருந்து என்ன தகவல் வந்தாலும் முதலாவது அதை எழுதி, இரண்டாவதும் "எனக்கும் வந்து சேர்ந்தது" என்று சொன்ன பிறகுதான் சரி என்று தலையாட்டும். முதலாவது படுத்துவிட்டால் இரண்டாவது அரை நிமிஷத்தில் எழுந்து வேலையை எடுத்துக்கொள்ளும். ஒரு தகவல்கூடத் தொலையாது. இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. வந்து சேர்ந்தது என்றால் கடிதம் கைக்கு வந்தது என்று மட்டும்தான் அர்த்தம். பிரித்துப் படித்துத் தன் ஏட்டில் ஏற்றிக்கொண்டதாக அர்த்தம் இல்லை. பொறுப்பை ஏற்கும்போது, கையில் உள்ள கடிதம் அத்தனையையும் படித்து முடித்தால்தான் அது வாயைத் திறக்கும். வழக்கமாகக் கையில் ஒன்றிரண்டுதான் இருக்கும் என்பதால் இது யாருக்கும் ஒரு பொருட்டாகவே இருப்பதில்லை.

டேட்டாபேஸுக்குள் பின்னணியில் ஒரு துப்புரவு வேலையும் ஓயாமல் நடக்கும். பழைய, செல்லாத பதிவுகளை அது கூட்டி அள்ளி எறிந்துகொண்டே இருக்கும். முதலாவதில் அள்ளினால், "நான் அள்ளிவிட்டேன், நீயும் அள்ளு" என்று இரண்டாவதுக்கும் கடிதம் போகும். ஆனால் அந்தப் பழைய பதிவை இரண்டாவதில் யாராவது உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தால்? அள்ளவும் முடியாது, அதைத் தாண்டி அடுத்த கடிதத்தைப் பிரிக்கவும் முடியாது. அதனால் முப்பது விநாடி பொறுத்துப் பார்த்துவிட்டு, படிக்கிறவரை எழுப்பி விட்டுவிடும். அப்படித்தான் அமைத்திருந்தோம்.

அப்படி அடிக்கடி எழுப்பப்பட்டவர் எங்கள் மேலாளர். கால்நடை மருத்துவம் படித்தவர், பொள்ளாச்சிக்காரர், நல்ல மனிதர். முதலாவதுக்குத் தொந்தரவு வேண்டாம் என்று அவருடைய தீவன ரிப்போர்ட்டை இரண்டாவதில்தான் ஓட விட்டிருந்தோம். எந்தச் செட்டில் எவ்வளவு தீவனம், எவ்வளவு எடை என்று மூன்று வருஷத்துக் கணக்கைப் புரட்டும் ரிப்போர்ட் அது. மணிக்கணக்கில் ஓடும். பாதியில் அறுந்துபோகும். ஒருநாள் என் மேஜைக்கு வந்து நின்றார்.

"ஏனுங்க மேடம், மூணு வாட்டி ஓட்டிட்டனுங்க, மூணு வாட்டியும் பாதியில கழுத்தைப் புடிச்சு வெளிய தள்ளுதுங்க. கொஞ்சம் பாத்து ஏதாச்சும் பண்ணிக் குடுங்க."

அவ்வளவு தன்மையாகக் கேட்டால் நான் என்ன செய்வேன்? எனக்கு எதிராளி சத்தம் போட்டால்தான் பதில் பேச வரும். மரியாதையாகக் கேட்டுவிட்டால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். "பாத்துக்கலாமுங்க சார்" என்றேன். படிக்கிறவர் எழுந்திருக்கும்வரை எவ்வளவு நேரமானாலும் காத்திரு என்று இரண்டாவதின் அமைப்பை அன்றைக்கே மாற்றினேன். தப்பு என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் செய்தேன். பந்தியில் கடைசி ஆள் சாப்பிட்டு முடிக்காமல் இலை எடுக்கலாமா? அடுத்த பந்திக்காரர்கள் நாற்காலிக்குப் பின்னால் நின்றால் நிற்கட்டும், சாப்பிடுகிறவரை எழுப்பக் கூடாது. அப்படித்தான் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

தாட்சண்யம் தன நாசம் என்பார்கள். இங்கே நாசமாகவிருந்த தனம் என்னுடையது இல்லை, அதுதான் வித்தியாசம்.

கல்யாணத்தன்று பன்னிரண்டரை தாண்டி முதலாவது சர்வர் திரும்பி வராதபடி படுத்துவிட்டது. என் திரையில் சிவப்பு விழுந்தது. நான் பெரிதாகப் பதறவில்லை. இதற்காகத்தானே இரண்டாவது? அரை நிமிஷம் எண்ணினேன். ஒரு நிமிஷம் ஆனது. இரண்டு ஆனது. இரண்டாவது எழவே இல்லை. 'காத்திருக்கிறது' என்ற ஒரே வார்த்தை திரையில் நின்றது.

எதற்குக் காத்திருக்கிறது என்று பார்த்தேன். ரிப்போர்ட். காலை ஒன்பது மணிக்கு உட்கார்ந்த ரிப்போர்ட் இன்னும் எழுந்திருக்கவில்லை. அது உட்கார்ந்திருந்த அதே பதிவுகளைத்தான் அன்று காலை துப்புரவு அள்ளியிருக்கிறது. அதற்குப் பின்னால் மூன்றரை மணி நேரத்துக் கடிதங்கள் பிரிக்கப்படாமல் மலையாகக் கிடந்தன. முந்நூறு செட்டில் எதில் என்ன நடக்கிறது என்று அந்த நிமிஷம் உலகத்தில் யாருக்கும் தெரியாது.

ரிப்போர்ட்டை நான் அறுத்திருக்க வேண்டும். ஒரு வரி போதும், விரல் பக்கத்திலேயே இருந்தது. அறுக்கவில்லை. போனை எடுத்து மேலாளரைக் கூப்பிட்டேன்.

"சார், உங்க ரிப்போர்ட்டை நிறுத்தட்டுங்களா?"

"ஐயோ, முடியப் போற நேரமுங்க மேடம். ரெண்டே நிமிஷமுங்க, முடிஞ்சுரும்."

அவர் மேல் குற்றமில்லை. சர்வர் படுத்ததை நான் அவரிடம் சொல்லவே இல்லை. சொன்னால் பயந்துவிடுவார் என்று, நிறுத்தட்டுங்களா என்று மட்டும் கேட்டேன். அந்த இரண்டு நிமிஷமும் முழுசாக உட்கார்ந்து காத்திருந்தேன். ஏசி ஓடும் அறையில் உட்கார்ந்துகொண்டு, பொங்கலூரில் எவ்வளவு வெயில் அடிக்கும் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். இரண்டு நிமிஷத்தில் அது முடியவில்லை. அப்புறம்தான் அறுத்தேன்.

இரண்டாவது சர்வர் கடிதங்களைப் பிரிக்க ஆரம்பித்தது. அந்த வேகத்தில் போனால் இன்னும் பத்து நிமிஷமாவது ஆகும் என்று கணக்குப் போட்டேன். அதை அவசரப்படுத்த எந்த வழியும் கிடையாது. பக்கத்து அறையில் களப்பணியாளர்கள் தங்களுக்குத் தெரிந்த பண்ணைகளை எல்லாம் போனில் கூப்பிட ஆரம்பித்திருந்தார்கள். என்னிடம் இருந்தது ஒரே ஒரு பண்ணைக்காரரின் நம்பர்தான்.

அக்கா எடுத்தபோது பின்னால் பாத்திரச் சத்தமும், "சாம்பார், சாம்பார்" என்ற குரலும் கேட்டன.

"சொல்லுங்க கண்ணு!"

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "சாப்டீங்களாக்கா?" என்றேன்.

"இப்பத்தான் பந்தில உக்காந்திருக்கறமுங்க. சீரெல்லாம் நல்லபடியா முடிஞ்சுதுங்க. நீங்களும் வந்திருக்கலாமுங்க கண்ணு, எங்க, உங்களுக்கு லீவு இல்ல. பொண்ணு பாக்க மகாலட்சுமியாட்ட இருக்குதுங்க..."

அவர் சந்தோஷமாகப் பேசிக்கொண்டே போனார். நான் "அப்படீங்களா, அப்படீங்களா" என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். இடையில் புகுந்து எப்படிச் சொல்வது? ஒரு நிமிஷத்துக்கு மேல் போயிருக்கும். கடைசியில் என் குரல் எனக்கே கேட்காத மாதிரி வந்தது.

"அக்கா, செட்டுல கரண்டு இருக்குதுங்களா?"

"இருக்குமுங்களே. உங்க போன் அடிக்கலீங்களே."

"இல்லீங்கக்கா. எங்க போன் இப்ப அடிக்காது. எங்க மெஷினே நின்னுபோச்சுங்க."

அந்தப் பக்கம் நாற்காலி தரையில் இழுபடும் சத்தம் மட்டும் கேட்டது. யாரோ, "ஏனம்மா பாதியில எந்திரிக்கற?" என்று கேட்டார்கள். போன் அறுந்தது.

மண்டபம் பல்லடத்தில். பண்ணைக்குக் காரில் விரட்டிப் போனாலும் இருபது நிமிஷம். அக்கா வாசலுக்கு ஓடிக்கொண்டே பக்கத்துத் தோப்புக்காரரைப் போனில் கூப்பிட்டிருக்கிறார். அவர் மொபட்டில் போய்ப் பார்த்தபோது காற்றாடிகள் நின்றிருந்தன. எங்கள் முதலாவது சர்வர் படுத்து மூன்று நிமிஷத்துக்கெல்லாம் அங்கே கரண்டு போயிருக்கிறது. ஜெனரேட்டர் அன்றைக்கென்று அடம்பிடித்திருக்கிறது. செட்டில் மாட்டியிருந்த அபாயச் சங்கு ஊதியிருக்கிறது, கேட்க ஆள் இல்லை. தோப்புக்காரர் பக்கவாட்டுப் படுதாக்களை அவிழ்த்துவிட்டு, ஜெனரேட்டரைக் கையால் ஓட்டிவிட்டார். இதெல்லாம் எனக்குப் பிறகு தெரிந்தவை. அப்போது தெரிந்தது ஒன்றுதான். ஒருவழியாக இரண்டாவது சர்வர் கடைசிக் கடிதத்தையும் படித்துவிட்டு வாயைத் திறந்தது. திறந்ததும் முதல் வேலையாக அக்காவின் போனுக்கு அலாரம் அடித்தது. பாதி வழியில், கல்யாணப் பட்டுச் சேலையோடு காரில் இருந்த அக்காவுக்கு, கரண்டு போய்விட்டது என்று எங்கள் கம்பெனி அப்போது தெரிவித்தது.

இரண்டு நாள் நான் அவருக்குப் போன் செய்யவில்லை. பயம். வேறு காரணம் சொன்னால் பொய். நாளுக்கு நூறு தடவை அவர் நம்பரை எடுப்பேன், வைப்பேன். ஆபீஸில் நடந்ததை அறிக்கையாக எழுதிக் கொடுத்தேன். காரணம் என்ற இடத்தில், பின்னணிப் பராமரிப்பு வேலையால் இரண்டாவது சர்வர் பொறுப்பேற்கத் தாமதம் என்று எழுதினேன். எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். எழுத்துக்கு எழுத்து உண்மை அது. ஆனால் துப்புரவு தன் வேலையை ஒழுங்காகத்தான் செய்தது. கூட்டுகிறவர் மேல் பழியைப் போட்டுவிட்டு, நகராமல் உட்கார்ந்திருந்ததைப் பற்றியும், உட்கார வைத்தவளைப் பற்றியும் நான் மூச்சு விடவில்லை.

மூன்றாம் நாள் லீவு போட்டுவிட்டு, சிங்காநல்லூரில் பஸ் ஏறிப் போனேன். அக்கா வாசலிலேயே நின்றிருந்தார். "வாங்க கண்ணு, இத்தனை வெயில்ல எதுக்குங்க" என்று உள்ளே கூட்டிப்போய் மோர் கொடுத்தார். செட்டுக்குப் பின்னால் புதிதாக மண் மூடிய ஒரு நீளக் குழி தெரிந்தது. மேலே சுண்ணாம்பு தூவியிருந்தது. ஈரத் தட்டிக்குப் பக்கத்தில் இருந்தவை பிழைத்துவிட்டன. நடுவிலும் பெரும்பாலும் பிழைத்தன. காற்றாடிக் கோடியில் குவிந்துகிடந்த ஆயிரத்துச் சொச்சம் போய்விட்டன. அக்காவும் அவர் வீட்டுக்காரரும் தோப்புக்காரரும் மறுநாள் விடியும் வரைக்கும் அள்ளியிருக்கிறார்கள்.

நான் அழுதுவிட்டேன். மேலாளர், ரிப்போர்ட், நான் மாற்றிய அமைப்பு, அவரிடம் கேட்டுவிட்டுக் காத்திருந்த இரண்டு நிமிஷம் எல்லாவற்றையும் சொன்னேன். அறிக்கையில் எழுதாததை எல்லாம் அவரிடம் கொட்டினேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"பரவாயில்லீங்க கண்ணு. மெஷின்னா நிக்கறதுதான். நீங்க கூப்புடலைன்னா அத்தனையும் போயிருக்குமுங்க" என்றார். அப்புறம் மோர்ச் சொம்பை நகர்த்தி வைத்துவிட்டு, குரலை உயர்த்தாமல் சொன்னார். "ஒண்ணே ஒண்ணுதானுங்க. கூப்புட்டு, சாப்டீங்களான்னு கேட்டீங்க பாருங்க. நானும் என்னென்னமோ பேசிட்டே இருந்தனுங்க. அப்ப உள்ள இதுகளெல்லாம் ஒண்ணு மேல ஒண்ணு ஏறிட்டு இருந்திருக்குமுங்க. எடுத்த எடுப்புல கரண்டுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமுங்க."

அவர் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

மறுநாள் அமைப்பைப் பழையபடி முப்பது விநாடிக்கு மாற்றினேன். அறிக்கையைத் திரும்ப வாங்கி, விட்டதை எழுதிக் கொடுத்தேன். மேலாளர் வந்து, "பாதியில அறுந்துபோகுமுங்களே மேடம்" என்றார். "அறுந்துபோகட்டுமுங்க சார். உங்களுக்கு வேற வழி பண்ணித் தாரேன். இது முடியாதுங்க" என்றேன். சொல்லி முடிப்பதற்குள் காது மடல் சுட்டது. அவர் ஒன்றும் நினைத்துக்கொள்ளவில்லை. சரிங்க என்று போய்விட்டார். இவ்வளவுதானா என்று இருந்தது. இவ்வளவுதான் என்பது இன்னும் ஆத்திரமாக இருந்தது.

இப்போது மாதம் ஒருமுறை, பட்டப்பகலில், வேண்டுமென்றே முதலாவது சர்வரைப் படுக்கப் போடுகிறோம். இரண்டாவது எத்தனை விநாடியில் எழுகிறது என்று எண்ணுகிறோம். அந்த நேரத்தில் பண்ணைகளைக் கூப்பிட்டுச் சொல்லவும் ஆள் வைத்திருக்கிறோம். அக்காவை மட்டும் நானே கூப்பிடுகிறேன். போன மாதமும் கூப்பிட்டேன். அவர் எடுத்ததும் "சாப்டீங்களா" நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிக்கொண்டேன்.

"அக்கா, காத்தாடி ஓடுதுங்களா?"

"ஓடுதுங்க கண்ணு. இருங்க" என்றார். செருப்புச் சத்தம் கேட்டது. கதவு திறந்தது. போனைச் செட்டுக்குள் நீட்டியிருப்பார் போல, என் காது முழுக்க அந்த இரைச்சல் நிறைந்தது.

"கேக்குதுங்களா?" என்று கத்தினார்.

"கேக்குதுங்கக்கா." எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது. "தம்பி, தம்பி சம்சாரமெல்லாம் நல்லா இருக்கறாங்களா? மறுவிருந்துக்குப் போய்ட்டு வந்தீங்களா?"

"எல்லாம் நல்லா இருக்கறாங்களாமுங்க. நாந்தான் போகலீங்க கண்ணு" என்றார். "செட்டுல கோழி இருக்குதில்லீங்களா."